இ-சேவை கடையில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் வைக்கலாமா?

பாளை டிடிபி கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டையில இ-சேவையும் டிடிபியும் சேர்ந்த கடை, நாலு சிஸ்டம். ரெண்டுல பேரில்லாத கம்பெனி வயர்லெஸ் கீபோர்டு-மவுஸ் செட். ஒன்னுல ஆரஞ்சு நிறச் சின்னம் போட்ட டாங்கிளோட (யுஎஸ்பி போர்ட்ல குத்துத குட்டி ரிசீவர்) லாஜிடெக் செட். நாலாவதுல ஒயர் கீபோர்டு, மவுஸ் மட்டும் வயர்லெஸ். விண்டோஸ் 10, 11.

கேள்வி நாலு.

1. பேரில்லாத செட் ரெண்டுலயும் மவுஸ் திடீர் திடீர்னு தவ்வுது. டைப் பண்ணும்போது ஒரே எழுத்து "கககககக"ன்னு ஓடுது. வெளியில இருந்து யாராவது பண்ணுத வேலையா?
2. ஆதார் நம்பர், லாகின் பாஸ்வேர்டு எல்லாம் இதுலதான் அடிக்கோம். ஒரு சுவரு தள்ளி செல்போன் கடை, மேல லாட்ஜு. அங்க இருந்து எடுக்க முடியுமா?
3. மவுஸ் மட்டும் வயர்லெஸ்னா பயமில்லைதானே?
4. ப்ளூடூத் வாங்குனா தேவலையா?

---

கொக்கிரகுளம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்லுதேன். மவுஸ் தவ்வுததுக்கு ஹேக்கரைத் தேட வேண்டாம். சிபியு பின்னால குனிஞ்சு பாருங்க. நீல நிற யுஎஸ்பி போர்ட்ல ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ குத்தியிருக்கும், அதுக்கு ஒட்டின போர்ட்லயே டாங்கிளும் இருக்கும். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல் கம்பெனியே 2012-ல இதை அளந்து எழுதி வச்சிருக்கு. உங்க டாங்கிள் பேசுததும் அதே 2.4-லதான்.

எழுத்து ஓடுததும் இதனாலதான். சாவியை அமுக்குனது ஒரு செய்தி, விட்டது இன்னொரு செய்தி. விட்ட செய்தி காத்துல தொலைஞ்சு போச்சுன்னா, நீங்க இன்னும் "க"வை அமுக்கிட்டே இருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கிடும்.

ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, கறுப்பு போர்ட்ல குத்தி, டாங்கிளை மேஜை மேல கொண்டுவந்து வச்சிருங்க. அப்புறம் செல்லு. சார்ஜ் ஏத்துத செல் 1.2 வோல்ட்தான் தரும், மலிவு மவுஸ் சிலது அதுலயே தள்ளாடும். சாதா அல்கலைன் செல் போட்டுப் பாத்துட்டு மேல பேசுங்க. மேஜையில கண்ணாடி போட்டிருந்தா மவுஸுக்கு அடியில ஒரு அட்டை.

---

அலைவரிசை:

கொக்கிரகுளம் சொன்னது சரி. தாக்குதல் நடந்தால் மவுஸ் தள்ளாடாது. ரன் பெட்டி ஒரு கணம் திறக்கும், கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறையும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் சாவியுடன் ஆர் அழுத்துங்கள். ரன் பெட்டியில் சின்னக் கீழ்நோக்கு அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டினால் இதுவரை அதில் அடித்த கட்டளைகள் வரிசையாக நிற்கும். நீங்கள் அடிக்காத நீளமான ஒன்று, முக்கியமாக "பவர்ஷெல்" என்று ஆரம்பிப்பது, அங்கே கிடந்தால் அந்த சிஸ்டத்தின் நெட் ஒயரை முதலில் பிடுங்குங்கள். பட்டியல் காலியாக இருப்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, அதை அழிப்பது எளிது.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒட்டுக்கேட்பது வேறு, ஊடே நுழைந்து டைப் அடிப்பது வேறு.

ஒட்டுக்கேட்பது கீபோர்டின் பிரச்சினை. நீங்கள் அடிக்கும் எழுத்தை கீபோர்டு பூட்டி (அதாவது என்கிரிப்ட் செய்து) அனுப்புகிறதா, திறந்தபடி அனுப்புகிறதா என்பதே கேள்வி. பாஸ்டில் என்ற அமெரிக்க நிறுவனம் 2016 ஜூலையில் "கீஸ்னிஃபர்" என்ற பெயரில் எட்டு கம்பெனிகளின் கீபோர்டுகளைக் காட்டியது. எல்லாமே எழுத்தை அப்படியே காற்றில் விட்டவை. ஏறத்தாழ 75 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்றார்கள். அந்த டாங்கிள்கள் நீங்கள் டைப் அடிக்காதபோதும் சீரான இடைவெளியில் சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் கடையில் அந்த ரகம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

பேருக்குப் பூட்டியவையும் உண்டு. 2015 ஜனவரியில் சாமி காம்கர் என்ற ஆய்வாளர் செய்துகாட்டிய "கீஸ்வீப்பர்" பார்ப்பதற்குச் சுவரில் மாட்டும் யுஎஸ்பி சார்ஜர், உள்ளே ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையும் ரேடியோ சிப்பும். அன்றைய மைக்ரோசாஃப்ட் வயர்லெஸ் கீபோர்டுகள் சில, தங்கள் முகவரி எண்ணையே சாவியாக வைத்து எழுத்தை மறைத்தன. அந்த முகவரியோ ஒவ்வொரு செய்தியிலும் வெளிப்படையாகப் போகிறது. பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலத்தான். உங்கள் கடைக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது: வாடிக்கையாளர் போன் சார்ஜ் போடும் பிளக் பாயிண்டில் யாருடையது என்று தெரியாத சார்ஜர் இரண்டு நாளாக மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள்.

ஆதார் எண் பற்றி ஒரு வார்த்தை. 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் வெர்ஹூஃப் என்ற கணக்கு முறைப்படி வரும் சரிபார்ப்பு எண். நாள் முழுக்க அடித்த எழுத்துக் குப்பையிலிருந்து 12 இலக்கத் தொடர்களைப் பொறுக்கி, கணக்கு சரியாக வருவதை மட்டும் நிறுத்தினால் ஆதார் எண்கள் பெரும்பாலும் தனியாக வந்து விழும். சின்ன நிரல் போதும்.

இனி மவுஸ். பயமில்லைதானே என்று கேட்டீர்களே, நாலாவது சிஸ்டம்தான் எனக்கு முதல் கவலை.

மவுஸை நகர்த்தினால் "வலப்பக்கம் 12, கீழே 3, பட்டன் அழுத்தவில்லை" என்பது போன்ற குட்டிச் செய்திதான் போகும். இதில் என்ன ரகசியம் என்று பெரும்பாலான கம்பெனிகள் மவுஸ் செய்தியைப் பூட்டுவதே இல்லை. பூட்டாத செய்தியை ஏற்றுக்கொள்ளும் டாங்கிளிடம், மவுஸின் முகவரியை வைத்துக்கொண்டு "இந்தா, கீபோர்டு எழுத்து" என்று அனுப்பினால் என்ன ஆகும்? பல டாங்கிள்கள் இது மவுஸ் ஆச்சே என்று யோசிக்காமல் அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தன. பாஸ்டிலின் மார்க் நியூலின் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட "மவுஸ்ஜாக்" இதுதான். லாஜிடெக், டெல், எச்பி, லெனோவோ, மைக்ரோசாஃப்ட், கிகாபைட், அமேசான்பேசிக்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. தூரம் 100 மீட்டர் வரை, வேகம் நிமிஷத்துக்கு 1000 வார்த்தை. அவ்வளவு தூரம் என்றால் மேலே உள்ள லாட்ஜ் மட்டுமல்ல, எதிர்ப்பக்கம் நிற்கும் காரும் சேர்த்தி. ஆன்டிவைரஸ் பிடிக்காது. புது யுஎஸ்பி சாதனத்தைத் தடுக்கும் மென்பொருளும் உதவாது, ஏனென்றால் புதிதாக எதுவும் குத்தப்படவில்லை. கம்ப்யூட்டர் கண்ணுக்கு அடிப்பது நீங்கள்தான்.

உங்கள் மவுஸ் டாங்கிள் எந்த ரகம் என்று ஐந்து நிமிஷத்தில் பாதி தெரிந்துகொள்ளலாம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மேனேஜர். "கீபோர்ட்ஸ்" வரிசையை விரித்து எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். டாங்கிளைப் பிடுங்கி மறுபடி எண்ணுங்கள். மவுஸ் மட்டும் உள்ள டாங்கிளைப் பிடுங்கியதும் கீபோர்டு எண்ணிக்கை குறைந்தால், அந்த டாங்கிள் தன்னைக் கீபோர்டாகவும் கம்ப்யூட்டரிடம் பதிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறதா என்பது தெரியாது. குறையவில்லை என்றால் அதன் வழியாக நேராக எழுத்து நுழைய வழியில்லை.

---

பாளை டிடிபி:

எண்ணிப் பாத்தேன். நாலாவது சிஸ்டத்துல ரெண்டு கீபோர்டு காட்டுச்சு, மவுஸ் டாங்கிளைப் பிடுங்குனதும் ஒன்னாச்சு. ரன் பெட்டியில அந்நியமா ஒன்னும் இல்ல. பேங்க் சைட்ல ஸ்கிரீன்ல வார கீபோர்டை மவுஸால தட்டுனா தப்பிக்கலாமா? பேரில்லாத செட்டுப் பெட்டியில பிஐஎஸ் முத்திரை எல்லாம் இருக்கே?

---

அலைவரிசை:

பிஐஎஸ் முத்திரையும் ஆர்-எண்ணும் மின்சாரப் பாதுகாப்புக்கு. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான தரம். வயர்லெஸ் பொருளுக்கு வாங்கும் டபிள்யுபிசி அனுமதி எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசுகிறது என்பதோடு சரி. எழுத்தைப் பூட்டுகிறதா என்று இரண்டுமே கேட்பதில்லை. பெட்டியில் "2.4ஜி" என்று மட்டும் போட்டு, "ஏஇஎஸ்" (எழுத்தைப் பூட்டும் முறை ஒன்றின் பெயர்) என்ற மூன்றெழுத்து எங்குமே இல்லை என்றால் பூட்டு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரை கீபோர்டு அரைகுறைக் காப்பு. மவுஸ் அனுப்புவது நகர்ந்த தூரத்தையும் கிளிக்கையும் மட்டுமே, எந்த இடத்தில் ஆரம்பித்தது என்பது அதில் கிடையாது. ஆனாலும் கிளிக்குக்குக் கிளிக் நகர்ந்த பாதையை அந்த பேங்க் கீபோர்டின் அமைப்பின் மேல் பொருத்திப் பார்த்தால் வார்த்தை வசப்படலாம். ஒவ்வொரு முறையும் எழுத்துகளைக் கலைத்துப் போடும் பேங்க் என்றால் அந்த வேலை நடக்காது.

லாஜிடெக்குக்கு வருவோம். ஆரஞ்சு சின்னம் யூனிஃபையிங் டாங்கிள். டிவைஸ் மேனேஜரில் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் விஐடி 046டி, பிஐடி சி52பி என்று இருக்கும். இதில் கீபோர்டு எழுத்து ஏஇஎஸ்-128 முறையில் பூட்டித்தான் போகிறது. மவுஸ்ஜாக்கை அடைக்கும் புது ஃபர்ம்வேர் (டாங்கிளுக்கு உள்ளேயே ஓடும் மென்பொருள்) 2016-லேயே வந்துவிட்டது. கடையில் பல மாதம் கிடந்த டாங்கிளில் பழையதே இருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே வாங்கியதும் லாஜிடெக்கின் ஃபர்ம்வேர் அப்டேட் டூலை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டுங்கள். அப்டேட் ஓடும்போது டாங்கிளை நேராகக் கம்ப்யூட்டரில் குத்துங்கள், ஹப் வேண்டாம். கைக்கு ஒரு ஒயர் மவுஸ் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வயர்லெஸ் வேலை செய்யாது.

அதோடு முடியவில்லை. 2019-ல் மார்கஸ் மெங்ஸ் என்ற ஆய்வாளர் இதே டாங்கிளில் இன்னும் சில ஓட்டைகளை வெளியிட்டார். ஒன்று, டாங்கிளில் நேராகக் கைவைக்க முடிந்தவர் சில நொடியில் உள்ளே இருக்கும் சாவியை உருவிக்கொள்ளலாம். இதற்கு அந்த வருஷம் ஆகஸ்டில் ஃபர்ம்வேர் வந்தது. இன்னொன்று, கீபோர்டையும் டாங்கிளையும் ஜோடி சேர்க்கும் அந்த நேரத்தில் ஒட்டுக்கேட்டால் சாவி கிடைத்துவிடும். பழைய சாதனங்களோடு ஒத்துப்போகாமல் போய்விடும் என்று அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே மறுபடி ஜோடி சேர்க்க வேண்டி வந்தால் கடையில் செய்யாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். 2021-ல் வந்த போல்ட் டாங்கிள், மின்னல் சின்னம் போட்டது, ப்ளூடூத் லோ எனர்ஜியை அடிப்படையாகக் கொண்டது, மவுஸ் செய்தியையும் பூட்டுகிறது. ஜோடி சேர்க்கும்போது கீபோர்டில் 6 இலக்கம் அடிக்கச் சொல்லும். மவுஸாக இருந்தால் திரையில் காட்டும் வரிசையில் இடது, வலது என்று 10 கிளிக் கேட்கும். யூனிஃபையிங் கீபோர்டு போல்ட் டாங்கிளோடு சேராது, செட்டையே மாற்ற வேண்டும்.

---

ஒயர்தான் ராஜா:

இவ்வளவையும் படிச்சா அண்ணாச்சி கடையை மூடிட்டுப் போயிருவாவ. ரேடியோவைத் தூக்கிட்டுப் பாளைக்கு எவன் வாரான்? இ-சேவை கடையில நடக்கக்கூடிய களவு வேற. மூணுதான்: மானிட்டர்ல ஒட்டி வச்ச பாஸ்வேர்டு, தோளுக்குப் பின்னால நின்னு பாக்குத கண்ணு, சிபியு பின்னால குத்தின கட்டைவிரல் சைஸ் டப்பா.

அந்த டப்பா பத்தி யாரும் சொல்லல. கீபோர்டு ஒயருக்கும் யுஎஸ்பி போர்ட்டுக்கும் நடுவுல ஒரு முடிச்சு மாதிரி இருக்கும். உள்ள மெமரி, அடிக்குத எழுத்து பூராவும் அதுல சேரும். விண்டோஸுக்கு அது இருக்குததே தெரியாது. ஒயர் கீபோர்டு வாங்கிட்டோம்னு சும்மா இருந்துராதீங்க. கீபோர்டு ஒயரை முன்பக்க போர்ட்ல குத்துங்க, உக்காந்த இடத்துல இருந்தே கண்ணுல படும். இல்லைன்னா பின்பக்கம் குத்தி, பிளக்கும் போர்ட்டும் சேருத இடத்துல நகப்பூச்சு ஒரு கோடு இழுத்து விடுங்க. எவனாவது கழத்தி மாட்டுனா கோடு உடைஞ்சு நிக்கும். காலையில கடை தொறக்கும்போது ஒரு பார்வை, அரை நிமிஷ சோலி.

காசு செலவழிக்கணும்னா லாகின் பண்ணுத சிஸ்டம் ரெண்டுக்கும் ஐந்நூறு அறுநூறு ரூபாய்ல ஒயர் செட்டு. டிடிபி சிஸ்டத்துல வயர்லெஸ் இருந்துட்டுப் போகட்டும். கல்யாணப் பத்திரிகையை ஒட்டுக்கேட்டு என்ன செய்யப் போறான், மொய் எழுத வரப்போறானா?

---

அலைவரிசை:

ஒயர்தான் ராஜா சொல்லும் வரிசை எனக்கும் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நாலு சிஸ்டமும் ஒரே ரூட்டரில், ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டு இருந்தால் டிடிபி சிஸ்டம் வழியாக நுழைந்தவன் அங்கேயே நிற்க மாட்டான். கல்யாணப் பத்திரிகை அவனுக்கு எதற்கு, பக்கத்து மேஜைக்கு வழி கிடைத்தால் போதும்.

ஒயர் மாற்றும் வரை, அல்லது மாற்றாமல் விடும் சிஸ்டத்தில், இரண்டு காரியம் செய்யுங்கள். எழுந்து போகும்போதெல்லாம் விண்டோஸ் சாவியுடன் எல். பூட்டிய திரையில் எவன் டைப் அடித்தாலும் பாஸ்வேர்டு பெட்டிக்குள்தான் விழும். அடுத்தது, தினம் வேலை பார்க்கும் கணக்கு அட்மினாக இருக்கக் கூடாது. முதலில் தனியாக ஒரு அட்மின் கணக்கு உருவாக்கி, அதற்குப் பாஸ்வேர்டு போட்டு, ஒருமுறை அதில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய்ப் பழைய கணக்கை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். வரிசை மாறினால் சில மென்பொருளை நிறுவ முடியாமல் நீங்களே வெளியில் நிற்பீர்கள். அட்மின் கணக்கில் "அனுமதிக்கலாமா" என்று கேட்கும் பெட்டிக்கு நுழைந்தவனே ஆமாம் அழுத்திவிடுவான். ஸ்டாண்டர்டு கணக்கில் அதே பெட்டி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

திரைப்பூட்டை மட்டும் நம்பவும் முடியாது. ஜெர்மனியின் சிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2016-ல் ஏஇஎஸ் பூட்டிய சில கீபோர்டுகளிலேயே, பூட்டிய செய்தியைப் பதிவு செய்து அப்படியே திரும்ப அனுப்பிக் காட்டினார்கள். நீங்கள் காலையில் அடித்த பாஸ்வேர்டு என்னவென்று தெரியாமலே, மதியம் அதே அலையைத் திரும்ப விட்டுத் திரையைத் திறக்கலாம். செய்திக்கு வரிசை எண் போட்டு, பழைய எண்ணை டாங்கிள் மறுத்தால்தான் இது நிற்கும். பெட்டியில் "ஏஇஎஸ்" இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

---

தென்காசி லினக்ஸ்:

ப்ளூடூத் கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. பேரில்லாத 2.4ஜி செட்டைவிட ப்ளூடூத் நிச்சயமாக மேல். பூட்டு முறை பொதுத் தரத்தில் இருக்கிறது, ஓட்டை வந்தால் சிஸ்டம் அப்டேட்டில் அடைக்கலாம். மலிவு டாங்கிள்களில் பலவற்றில் ஃபர்ம்வேரை மாற்றவே முடியாது, ஒருமுறை எழுதினால் எழுதியதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இது. ஜோடி சேர்க்கையில் திரையில் 6 இலக்கம் காட்டி, அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டச் சொல்ல வேண்டும். ஒன்றும் கேட்காமல் பட்டென்று சேர்ந்துகொள்ளும் கீபோர்டில், நடுவில் ஒருவன் புகுந்தாலும் தெரியாது.

ப்ளூடூத்திலும் 2023 டிசம்பரில் அதே மார்க் நியூலின் ஒன்றை வெளியிட்டார். உங்களைக் கேட்காமலே ஒருவன் தன்னைக் கீபோர்டு என்று சொல்லி இணைந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை டிசம்பர் 2023 பாதுகாப்பு அப்டேட்டில் அடைத்தார்கள். 10-ம் அதற்குக் கீழும் அடைப்பு கிடையாது. ஓடிபி வரும் பழைய போன் கடையில் இருந்தால் அதில் ப்ளூடூத்தை அணைத்தே வையுங்கள். விண்டோஸுக்கு 2024 ஜனவரி அப்டேட். உபுண்டு போன்ற லினக்ஸ் சிஸ்டங்களில் அப்டேட் போட்டால் சரியாகிவிடும். பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் ஈடிசி ஃபோல்டருக்குள் ப்ளூடூத் ஃபோல்டரில் உள்ள இன்புட் கான்ஃப் ஃபைலைத் திறந்து, "கிளாசிக் பாண்டட் ஒன்லி" என்ற வரியின் முன்னால் உள்ள கட்டக்குறியை (#) எடுத்துவிட்டு ட்ரூ என்று மாற்றி, ப்ளூடூத் சேவையை ஒருமுறை நிறுத்தி ஓட்டவும். இந்தத் திருத்தம் 2020-லிருந்தே உள்ளே இருந்தது, முடக்கி வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

இணைப்பு திடீரென அறுந்து, "மறுபடி ஜோடி சேர்க்கவும்" என்று கடை நேரத்தில் கேட்டால் உடனே சேர்க்காதீர்கள்.

---

பாளை டிடிபி:

எல்லாருக்கும் நன்றி. லாகின் சிஸ்டம் ரெண்டுக்கும், நாலாவதுக்கும் ஒயர் வாங்கி மாட்டியாச்சு. லாஜிடெக்குல அப்டேட் ஓட்டியாச்சு. அதுக்கு முன்னாலயே எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுப் பாத்ததும் தவ்வுததும் நின்னுட்டு. பழைய மவுஸ், கீபோர்டு எல்லாம் டிராயர்ல கிடக்கு, செல்லைக் கழத்திட்டேன்.

---

அலைவரிசை:

செல்லைக் கழற்றியது சரி, டாங்கிளைப் பிடுங்கினீர்களா? மவுஸ் டிராயரில் தூங்கினாலும் டாங்கிள் சிபியு பின்னால் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கு வேண்டியது மவுஸ் அல்ல, மவுஸின் முகவரியைச் சொல்லும் யாரோ ஒருவர்.

---

பாளை டிடிபி:

இப்பதான் போய்ப் பிடுங்குனேன். மூணு சிஸ்டத்துல நாலு டாங்கிள் இருந்துச்சு அண்ணாச்சி. நாலாவது எதோடதுன்னே தெரியல.